பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு எந்தக் கீரை? அகத்தி, முருங்கை, தண்டுக்கீரை, பாலக்

பால் குடித்தால் வயிறு உப்புசம், கால்சியம் மாத்திரை போட்டால் மலச்சிக்கல். அப்படியானால் கீரையை வைத்துச் சமாளிக்க முடியுமா, முடியும் என்றால் எந்தக் கீரை? வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். மீதிப் பேர் அம்மாவுக்காகக் கேட்கும் பிள்ளைகள்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சூப்பர் மார்க்கெட் பழக்கமுள்ளவர் பாலக் என்பார். வீட்டில் மரம் நிற்பவர் முருங்கை என்பார். தினமும் கீரைக்காரம்மாவிடம் வாங்குபவர் கையில் கிடைக்கும் தண்டுக்கீரையோ சிறுகீரையோ போதும் என்பார். அகத்தியை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் பாரணைக்கு ஒரு கரண்டி, அமாவாசையன்று பசுமாட்டுக்கு ஒரு கட்டு. பெரும்பாலான வீடுகளில் அகத்திக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். கால்சியம் என்று தேடி வருபவர் முதலில் விசாரிக்க வேண்டிய கீரை அதுதான் என்பது என் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் அதையே சொல்லிவிடவும் முடியாது.

கீரைக்குப் போகுமுன் ஒரு விஷயம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். உறையும்போது பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிரிகள் தின்றுவிடுவதுதான் காரணம். அதை முயன்று பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தட்டுக்கு வரும் கால்சியம். 100 கிராமுக்கு எவ்வளவு என்பது புத்தகக் கணக்கு. ஒருவர் உண்மையில் எத்தனை கரண்டி சாப்பிடுவார் என்பதுதான் வீட்டுக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும்.

இரண்டாவது, அதில் எவ்வளவு உடம்பில் சேருகிறது என்பது. கீரைகளில் ஆக்ஸலேட் என்றொரு பொருள் உண்டு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்படிப் பிடிபட்டது குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். கட்டுரைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

அப்புறம் கிடைப்பது, ஆய்வது, சமைப்பது. கூடவே வீட்டில் உள்ளவர்கள் அதைத் தொடுவார்களா என்பது. கடைசியாக, யாருக்கு ஆகாது என்பது.

எண்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை ஒட்டி, 100 கிராம் பச்சை இலைக்கு, முழு எண்ணாக்கிக் கொடுக்கிறேன்:

| | அகத்தி | முருங்கை | தண்டுக்கீரை | பாலக் |
|---|---|---|---|---|
| கால்சியம் (மி.கி.) | சுமார் 900 | சுமார் 315 | சுமார் 330 | சுமார் 80 |
| புரதம் (கிராம்) | 8 | 6½ | 3 | 2 |
| இரும்புச்சத்து (மி.கி.) | 4 | 4½ | 4½ | 3 |
| வைட்டமின் சி (மி.கி.) | 120 | 108 | 83 | 30 |
| ஆக்ஸலேட் தொல்லை | உறுதியாகத் தெரியவில்லை | குறைவு, கரையாத வகை | அதிகம் | மிக அதிகம் |
| ஆய்வது | சுலபம் | பொறுமை வேண்டும் | சுலபம் | வேலையே இல்லை |
| கிடைப்பது | சில நாள் மட்டும் | மரம் இருந்தால் எப்போதும் | தினமும் | தினமும் |

அகத்திக்கு 1130, முருங்கைக்கு 440 என்று வேறு எண்களையும் பார்த்திருப்பீர்கள். அவை அதே நிறுவனத்தின் பழைய புத்தகத்தில் உள்ளவை. மண்ணுக்கும் இலையின் முற்றலுக்கும் ஏற்ப எண் ஏறி இறங்கும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டு முனைகளும் மாறவில்லை. அகத்தி உச்சியில், பாலக் அடியில்.

நான்கு பேர் வீட்டில் ஆய்ந்த இலை 200 கிராம் சமைத்தால் ஆளுக்கு 50 கிராம். அகத்தி என்றால் 450 மில்லிகிராம், தண்டுக்கீரையும் முருங்கையும் 160-ஐ ஒட்டி, பாலக் 40. ஒரு டம்ளர் பசும்பாலில், 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், சுமார் 180.

அகத்தி: உச்சத்தில் இருந்தும் ஓரத்தில் நிற்பது

அகத்தி பயறு வகைக் குடும்பத்து மரம். புரதம் இவ்வளவு இருப்பதில் வியப்பில்லை. சோழவந்தான் போன்ற வெற்றிலை ஊர்களில் கொடி ஏறுவதற்காகவே இதை வரிசை வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். கொடிக்காலில் நிழலுக்காகக் கழித்துவிடும் கிளைகள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். கால்நடைக்குப் போவதாலேயே மனிதர் சாப்பிடும் பட்டியலில் இது கீழே இறங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் இந்த ஒதுக்கல் குறைவு. விரதச் சாப்பாட்டில் அகத்தியிலை அங்கே மரியாதையோடு பரிமாறப்படுகிறது.

கசப்புதான் முதல் தடை. சப்போனின் போன்ற கசக்கும் பொருள்கள் இலையிலேயே இருக்கின்றன. கசப்பை எடுக்கிறேன் என்று வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுபவர்கள் உண்டு. கசப்போடு கொஞ்சம் சத்தும் சேர்ந்து போய்விடும். அதைவிட நல்ல வழி தென்மாவட்டங்களில் வைக்கும் தண்ணிச்சாறு. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் போட்டுக் கொதிக்கவிட்டு, பொடியாக அரிந்த அகத்தியை அதில் வேகவைத்து, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். கசப்பு தேங்காய்ப்பாலில் அடங்கிவிடும். வெந்த தண்ணீரையே சோற்றில் ஊற்றிப் பிசைவதால் எதுவும் வீணாகாது.

பொரியல் என்றால் இலையை எவ்வளவு பொடியாக அரிகிறோமோ அவ்வளவு நல்லது. ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, மூடாமல் வேகவைப்பது, கடைசியில் தேங்காய்த் துருவலும் சுண்டைக்காய் அளவு வெல்லமும். சிறுகீரை போல ஐந்து நிமிடத்தில் குழையாது. கால் மணி நேரம் ஆகும், அப்போதும் இலை இலையாகத்தான் இருக்கும். பல் சரியில்லாத பெரியவர்களுக்குப் பொரியலைவிடச் சாறே தோது.

ஆய்வது எளிது. ஈர்க்கைப் பிடித்து உருவினால் சிற்றிலைகள் கையோடு வந்துவிடும். நல்ல கீரைக்கு அடையாளம் இளம் பச்சை நிறமும் ஒடிந்தால் நார் தெரியாத ஈர்க்கும்தான். கரும்பச்சையாகத் தடித்திருந்தால் கசப்பு இரண்டு மடங்கு.

இதன் மறைமுகச் செலவுகள் வேறு. தினமும் கிடைக்காது. கீரைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அமாவாசை, துவாதசி நாள்களில் தெருவெல்லாம் கிடைக்கும், ஆனால் அன்று விலை தனி. அந்த நாள்களில் மாட்டுக்கென்று விற்கும் கட்டுகளில் முற்றலும் வாடலும் கலந்திருக்கும், பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். அதிகம் சாப்பிட்டால் வாய்வு, சிலருக்கு வயிறு இளகுதல். சித்த மருந்து சாப்பிடுபவர்களிடம் 'அகத்தி மருந்தை முறிக்கும், தள்ளிவை' என்று வைத்தியர்கள் சொல்வது பழைய வழக்கம். அந்த வைத்தியத்தில் இருப்பவர் அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதே சரி.

இத்தனையையும் கழித்துப் பார்த்தாலும் வாரம் ஒருமுறை ஐம்பது கிராம் என்பது எளிதாக எட்டக்கூடிய அளவு. கசப்பு பிடிக்காமல் இரண்டு கரண்டி, அதாவது முப்பது கிராம் மட்டும் சாப்பிட்டாலும் இலையில் 270 மில்லிகிராம் இருக்கிறது. மற்ற மூன்று கீரைகளில் எதையும் அந்த அளவில் சாப்பிட்டு இந்த எண்ணைத் தொட முடியாது.

துவாதசிப் பாரணையில் அகத்தியோடு நெல்லிக்காய்ப் பச்சடியும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். இலையில் இருக்கும் வைட்டமின் சி-யில் பெரும்பங்கு அடுப்பிலேயே போய்விடுகிறது, பச்சை நெல்லிக்காயில் அப்படியே இருக்கிறது. எப்படி அமைந்ததோ, நல்ல ஜோடி. மற்ற நாள்களில் எலுமிச்சை பிழிந்தால் போதும்.

முருங்கை: வாரம் முழுக்க உழைப்பது

கால்சியத்தில் அகத்தியின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் முருங்கையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2008-இல் இந்தியக் கீரைகளின் ஆக்ஸலேட்டை அளந்த ஓர் ஆய்வில், முருங்கை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கிக்கீரை போன்றவற்றில் கரையாத ஆக்ஸலேட் மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் மொத்த ஆக்ஸலேட் மிக அதிகம். அதிலும் பெரும்பங்கு கரையும் வகை. சாப்பாட்டில் வேறு எங்கிருந்தோ வரும் கால்சியத்தையும் சேர்த்துப் பிடிப்பது, சிறுநீரகத்தில் கல் சேரத் துணைபோவது, இரண்டுமே இந்தக் கரையும் வகையின் வேலை. ஆகவே எண் அளவில் தண்டுக்கீரையும் முருங்கையும் சமம்போலத் தெரிந்தாலும் உடம்பின் கணக்கில் முருங்கைக்கே நான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொரு பலம் அதன் ருசி. குழந்தைகள்கூடச் சாப்பிடும். அடையில், முட்டைப் பொரியலில், சாம்பாரில், கேழ்வரகு ரொட்டியில் எல்லாம் கலந்துவிடும். கேழ்வரகில் 100 கிராம் மாவுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் உண்டு. அந்த ரொட்டியில் ஒரு கைப்பிடி முருங்கை சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே நல்ல தூரம் வந்துவிடலாம்.

செலவு என்றால் நேரம்தான். ஒரு கட்டு ஆய அரை மணி நேரம் போய்விடும். காம்பு விட்டுப்போனால் வாயில் குச்சி. முதல் நாள் இரவே கொத்தைத் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறும்போதே இலை தானாகக் கொட்டும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது தெரியாததாலேயே முருங்கை கைவிட்டுப் போகிறது.

வீட்டில் மரம் வைப்பவர்கள் மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சிக்கும் காற்றில் முறியும் கிளைக்கும் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் முருங்கை நிற்காது.

பொடியைப் பற்றியும் கேட்கிறார்கள். காய்ந்த இலையில் நீர் போய்விடுவதால் 100 கிராமுக்குக் கால்சியம் 2000 மில்லிகிராம் வரை காட்டும். ஆனால் 100 கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி 5 கிராம்கூட வராது. அதில் கிடைப்பது 100 மில்லிகிராமுக்குள். 'ஆரஞ்சைப்போல ஏழு மடங்கு வைட்டமின் சி' என்று பொடி டப்பாவில் அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். அது பச்சை இலையின் பெருமை, காயவைத்த பிறகு அந்த வைட்டமினில் பெரும்பகுதி இருக்காது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பச்சை இலைக்கு வழியில்லாதவர்களுக்குப் பொடி பரவாயில்லை. ஊரில் இருப்பவர்கள் டப்பாவுக்குக் காசு கொடுப்பது எனக்குப் புரிவதில்லை.

தண்டுக்கீரை வகையறா: கைக்கெட்டும் தூரத்தில்

தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். விலை மலிவு, தினமும் கிடைக்கும், கடைந்தால் வெண்ணெய் போல இருக்கும், பல் இல்லாதவரும் சாப்பிடலாம். இரும்புச்சத்துக்கும் ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்கும் நல்ல கீரைகள்.

கால்சியத்துக்கு மட்டும் இவற்றை நம்பக் கூடாது. 330 என்று அட்டவணை காட்டுவதில் கணிசமான பங்கை ஆக்ஸலேட் பிடித்து வைத்திருக்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கரையும் ஆக்ஸலேட் நன்றாகக் குறையும். ஆனால் மசியலுக்கு யாரும் வடிப்பதில்லை, வெந்த நீரோடு சேர்த்துத்தான் கடைகிறோம். வடித்தால் ருசியும் போகும், ஃபோலேட்டும் போகும். இந்த இழுபறியில் என் முடிவு இது: சிறுநீரகக் கல் வந்தவர் வீட்டில் வடித்துச் சமையுங்கள், மற்றவர்கள் வழக்கம்போலக் கடைந்து சாப்பிடுங்கள், அன்றைய கால்சியத்தை வேறிடத்தில் தேடுங்கள்.

மண் அதிகம் ஒட்டும் கீரை இது. சாக்கடை ஓரம் விளைந்ததா என்ற கவலையும் நகரங்களில் உண்டு. மரத்தில் பறிக்கும் அகத்திக்கும் முருங்கைக்கும் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

பாலக்: பெயர் பெரியது

1988-இல் வெளியான ஓர் ஆய்வில் பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 சதவீதமே உடம்பில் சேர்ந்தது. அதே ஆட்களுக்குப் பாலிலிருந்து 27 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தது. ஐம்பது கிராம் பாலக்கில் 40 மில்லிகிராம், அதில் 5 சதவீதம் என்றால் 2 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் சேருவது ஐம்பதை ஒட்டி. பாலக் பனீர் சாப்பிட்டால் கால்சியம் பனீரிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஃபோலேட்டுக்கும் கண்ணுக்கு நல்லதான கரோட்டின் வகைகளுக்கும் பாலக் நல்ல கீரை. ஆய வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வசதி. கீரையே சாப்பிடாமல் இருப்பதற்குப் பாலக் மேல். கால்சியம் கேட்டு வந்தவருக்கு மட்டும் அதைக் கொடுக்க மாட்டேன்.

எந்த வீட்டுக்கு எது

பால், தயிர் இரண்டும் ஒத்துக்கொள்ளாத, மாதவிடாய் நின்ற பெண்: வாரம் ஒருநாள் அகத்திச் சாறு, இரண்டு மூன்று நாள் முருங்கை, மீதி நாள் பிடித்த கீரை. கூடவே கேழ்வரகு, எள், மீன் சாப்பிடுபவர் என்றால் முள்ளோடு மெல்லும் நெத்திலி. கீரை மட்டுமே 1200 மில்லிகிராமையும் கொண்டுவந்து கொட்டாது. எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். மலச்சிக்கல் என்றால் அவரிடமே வேறு வகை கேளுங்கள். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வைட்டமின் டி இல்லாமல் எந்தக் கால்சியமும் சரியாகச் சேராது.

சிறுநீரகக் கல் வந்தவர்: முருங்கை முதல் தேர்வு. பாலக், தண்டுக்கீரையைக் குறையுங்கள். சிறுநீரகமே பழுதுபட்டவர் என்றால் எந்தக் கீரையும் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், பொட்டாசியம் கணக்கு இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவர்: நான்கிலும் வைட்டமின் கே உண்டு, அது இந்த மருந்துகளுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாதீர்கள். புதிதாக அகத்தி ஆரம்பிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கசப்பென்றால் ஓடும் குழந்தைகள்: அகத்தியைத் திணித்துக் கீரை மேலேயே வெறுப்பு வரவழைக்காதீர்கள். முருங்கை அடை போதும். அகத்திப் பூ கிடைத்தால் நடுவிலுள்ள மகரந்தத் தண்டைக் கிள்ளிவிட்டு முட்டையோடு பொரித்துப் பாருங்கள். இலை அளவுக்குச் சத்து இல்லை, ஆனால் பழக்கத்துக்கு நல்ல தொடக்கம்.

ரத்தசோகை உள்ள பெண்: கீரை எதுவானாலும் சரி, எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டதும் டீ காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது கழியட்டும். இலையின் இரும்பு இறைச்சியின் இரும்பு போல எளிதில் சேராது, ஆகவே மாத்திரைக்கு மாற்றாகக் கீரையை வைக்க முடியாது.

கொல்லையில் ஒரு மரத்துக்கு மட்டும் இடம் இருப்பவர்: தண்ணீர் தேங்கும் இடமா, அகத்தி. மேடான, வடியும் இடமா, முருங்கை. அகத்தி விதையை இரவு ஊறவைத்துப் போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும், ஓர் ஆண்டுக்குள் ஆளுயரம் தாண்டிவிடும். அப்படியே விட்டால் இலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும், காற்றில் முறியவும் செய்யும். இடுப்பு உயரத்தில் ஒருமுறை தலையைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளைகள் வரும், கசப்பு குறைந்த இளந்தளிர் அப்புறம் எப்போதும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தாலும் வளரும்.